ஊராட்சிக் குடிநீர்க் கட்டணம்: கேட்பு எழுதுவது முதல் நிலுவை வசூலிப்பது வரை

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் பெரும்பாலான வீட்டுக் குழாய் இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. மாதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று மன்றத் தீர்மானத்தில் முடிவான தொகைதான் கட்டணம். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிலுவை சேர்வதும் இதில்தான். 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கிய பிறகு பல ஊர்களில் வீடுகளுக்குக் குழாய்கள் மளமளவென்று போயின. பதிவேடு அந்த வேகத்தில் போகவில்லை. தெருவில் இருக்கும் குழாய் ஒரு கணக்கு, பதிவேட்டில் இருக்கும் குழாய் இன்னொரு கணக்கு என்று ஆகிவிட்ட ஊரில் எவ்வளவு கறாராக வசூலுக்குப் போனாலும் பயனில்லை. கட்ட மாட்டேன் என்பவரைத் தேடிப் போகும் முன், நாம் கேட்கும் தொகை, அதாவது கேட்பு, சரிதானா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே ஊராட்சிச் செயலரின் வேலை பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது.

முதலில் குழாயை எண்ணுங்கள்

தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடங்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்தத் திண்ணைக்குப் பின்னால் எந்தக் குழாய் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கையில் மூன்று பட்டியல் இருக்க வேண்டும்: வீட்டுவரிக் கேட்புப் பதிவேடு, குடிநீர் இணைப்புக்கு முன்வைப்புத் தொகை கட்டியவர்கள் பட்டியல், இப்போதைய குடிநீர்க் கட்டணக் கேட்புப் பதிவேடு. மூன்றும் ஒத்துப்போகாத இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக இவைதான் கிடைக்கும்: குழாய் உண்டு, பதிவில்லை. பதிவு உண்டு, வீடே இடிந்து போயிற்று. பெயருக்குரியவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு ஒரே குழாயில் பிடிக்கிறார்கள், கேட்பு யார் மேல் என்று இருவருக்கும் தெரியாது. ஒரே வளவுக்குள் இரண்டாவது குழாய். வீட்டு இணைப்பு என்று வாங்கி, இப்போது டீக்கடையோ மண்டபமோ நடக்கும் இடம். இவற்றில் மிக ஆபத்தானது இரண்டாவது. இல்லாத வீட்டின் மேல் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுக் கேட்பு ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நிலுவையை யாராலும் வசூலிக்க முடியாது. ஆனால் ஊராட்சியின் வசூல் விகிதத்தை அது கீழே இழுக்கும்.

ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு நிலையான எண் கொடுங்கள். வார்டு, தெரு, வரிசை என்று அமைத்தால் போதும்: 3/07/021 என்றால் மூன்றாம் வார்டு, ஏழாம் தெரு, இருபத்தோராவது இணைப்பு. அதைக் குழாய்ப் பக்கச் சுவரில் பெயின்டால் எழுதிவிடுங்கள். பெயரை வைத்துக் கணக்கு வைக்க வேண்டாம். ஒரே ஊரில் பத்து முருகேசன் இருப்பார்கள். பெயர் மாறும், வாடகைக்காரர் மாறுவார், எண் மாறாது. எண்ணுக்குப் பக்கத்தில் வீட்டுவரி எண், உரிமையாளர் பெயர், இப்போது குடியிருப்பவர் பெயர், கைபேசி எண் நான்கையும் எழுதுங்கள்.

பதிவில்லாத குழாயைக் கண்டதும் அறுக்கப் போகாதீர்கள். ஒரு மாதக் கெடு வைத்து, முன்வைப்புத் தொகையும் இணைப்புக் கட்டணமும் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டு அறிவியுங்கள். அந்தக் குழாய் கட்டணம் கட்டும் இணைப்பாக மாறுவதுதான் ஊராட்சிக்கு லாபம்.

கட்டணம் எதற்கு ஈடாக வேண்டும்

மோட்டாருக்கான மின்கட்டணம், ஆபரேட்டர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், பழுதுபார்ப்பு, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நீர் வாங்கினால் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டி, இணைப்பு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுச் செலவு 3,60,000 ரூபாய், இணைப்பு 400 என்றால் ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 900, மாதத்துக்கு 75 ரூபாய். தெருக்குழாய்க்கு ஓடும் நீரின் செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து ஏற்பதாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கட்டாதவர்கள் பங்கையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் தலையில் வைப்பது மட்டும் கூடாது. ஒழுங்காகக் கட்டும் குடும்பத்துக்கு அது செய்யும் அநியாயம். அடுத்த ஆண்டு அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

கட்டணத்தை உயர்த்தினால், உயர்வு எந்தத் தேதியிலிருந்து என்று தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். முன்தேதியிட்டு உயர்த்தாதீர்கள்.

கேட்பு எழுதுவது

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக மூன்று கட்டம் நிரப்ப வேண்டும்: முந்தைய நிலுவை, நடப்புக் கேட்பு, மொத்தம். நிலுவைக் கட்டத்தை எல்லாப் பக்கத்துக்கும் கூட்டி, சென்ற ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி முடிவு நிலுவையோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் அன்றே தேடிப் பிடியுங்கள். இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் அடுத்த பன்னிரண்டு மாதமும் தவறான தொகையைத்தான் மக்களிடம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆண்டு நடுவில் கொடுக்கும் இணைப்புக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கேட்பு எழுதுவது சுலபம். மாதம் 50 ரூபாய், இணைப்பு ஜூலை 10 என்றால் ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதம், 400 ரூபாய். தற்காலிகமாக மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தவருக்கும் இதே விதி: மூடிய மாதத்தோடு கேட்பு நின்றுவிட வேண்டும். சென்னைக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போன குடும்பத்தின் பூட்டிய வீட்டின் மேல் நான்கு வருடக் கேட்பை ஏற்றி வைத்துவிட்டு, திருவிழாவுக்கு வரும்போது மொத்தமாகக் கேட்டால் சண்டைதான் வரும்.

மாதம் 50 ரூபாயை மாதாமாதம் வீட்டுக்குப் போய் வாங்குவது கட்டுபடியாகாது. ஆண்டுக்கு ஒரு முறை 600 கேட்டால் கூலி வேலைக் குடும்பத்துக்குப் பளுவாகத் தெரியும். வீட்டுவரி அரையாண்டோடு சேர்த்து ஏப்ரலிலும் அக்டோபரிலும் 300 ரூபாய்க்குக் கேட்பு அறிவிப்பு கொடுப்பது நடுவழி. இடையில் யார் எவ்வளவு கொண்டுவந்தாலும், நூறு ரூபாயானாலும், வாங்கி ரசீது போடுங்கள். முழுத்தொகையோடு வா என்று திருப்பி அனுப்பினால் அந்த நூறு ரூபாய் வேறு செலவுக்குப் போய்விடும்.

அறிவிப்பில் இணைப்பு எண், எந்த அரையாண்டுக்கு எவ்வளவு நிலுவை, நடப்பு எவ்வளவு, கடைசியாகக் கட்டிய ரசீது எண்ணும் தேதியும், கட்ட வேண்டிய கடைசி நாள், எங்கே கட்டலாம், ஆட்சேபம் இருந்தால் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பவை இருக்கட்டும். கடைசி ரசீது விவரத்தைப் போட்டாலே பாதித் தகராறு வராது. ‘நான் தை மாதம் கட்டினேனே’ என்பவர் தன் ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்; நீங்களும் ரசீதுப் புத்தகத்தில் நிற்கும் படியை, அதாவது அடிக்கட்டையை, புரட்டிப் பார்க்கலாம்.

மீட்டர் இருக்கும் இணைப்புகள்

கடை, மண்டபம், அரிசி ஆலை போன்றவற்றுக்காவது மீட்டர் வைப்பது நல்லது. ஐ.எஸ். 779 முத்திரை உள்ள 15 மி.மீ. மீட்டர் போதும். அம்புக்குறி நீர் ஓடும் திசையில், முகப்பு மேல்நோக்கி, கிடைமட்டமாக இருக்க வேண்டும். கறுப்பு எண்கள் கிலோலிட்டர். சிவப்பு அதன் பின்னம். கறுப்பை மட்டும் எழுதுங்கள். போன முறை 0412, இப்போது 0437 என்றால் 25 கிலோலிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் அளவில் ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 8.25 கிலோலிட்டர்தான் வரும்; ஒரு வீட்டுக்கு 25 காட்டினால் பட்டியல் போடும் முன் நேரில் பாருங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு, மீட்டர் முகப்பில் இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றினால் உள்ளே கசிவு.

விட்டுவிட்டு நீர் விடும் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வால்வைத் திறந்ததும் குழாயில் அடைந்திருந்த காற்று முதலில் மீட்டர் வழியாக வெளியேறி அதைச் சுழற்றும். ‘காத்துக்கெல்லாம் காசா’ என்று கேட்பவர் சரியாகத்தான் கேட்கிறார். ஆபரேட்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். மேடான இடங்களில் காற்று வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும் பணம் அன்றே பதிவேறட்டும்

ரசீதில் இணைப்பு எண்ணும் எந்தக் காலத்துக்கான தொகை என்பதும் இல்லாமல் ஒரு ரசீதும் வெளியே போகக்கூடாது. ‘குடிநீர் வகைக்கு’ என்று மட்டும் எழுதிய ரசீதை ஒரு மாதம் கழித்து யார் கணக்கில் ஏற்றுவது? வேறு ஏற்பாடு எதுவும் எழுத்தில் இல்லையென்றால் வந்த பணத்தைப் பழைய நிலுவைக்கு முதலில் ஈடுகட்டுங்கள். அடித்துத் திருத்திய ரசீது செல்லாது; குறுக்குக்கோடு போட்டு இரண்டு படியையும் புத்தகத்திலேயே வைத்துவிட்டுப் புதிது எழுதுங்கள்.

அன்று மாலை அடிக்கட்டைகளைக் கூட்டிய தொகையும் கையிருப்பும் ஒத்துப்போக வேண்டும். தாமதமின்றி வங்கியில் கட்டிச் செலானை ஒட்ட வேண்டும். செயலரின் சொந்த எண்ணுக்குக் கைபேசி வழியாகப் பணம் வாங்கவே கூடாது, ஒரு முறைகூட. எவ்வளவு நேர்மையானவர் ஆனாலும் தணிக்கையில் அதற்கு விளக்கம் சொல்ல முடியாது. கியூஆர் அட்டை ஊராட்சியின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

ஊராட்சிகளுக்கான இணையவழி வரிவசூல் தளத்தில் கட்டுகிறவர்கள் இப்போது அதிகம். அங்கே ரசீது கிடைத்துவிடும், கைப்பதிவேட்டில் ஏறியிருக்காது. பிறகு அதே வீட்டுக்கு நிலுவை அறிவிப்பு போகும். ஒருமுறை இப்படி நடந்தால் அந்தத் தெருவே அடுத்த அறிவிப்பை நம்பாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையப் பட்டியலையும் கைப்பதிவேட்டையும் வைத்து ஒப்பிடுங்கள்.

வீடு வீடாகப் போகும் நேரம் மாலை ஆறிலிருந்து எட்டு. பகலில் போனால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். சம்பா அறுவடை முடியும் தை, மாசி; கரும்பு ஊரென்றால் ஆலைப் பணம் வரும் வாரம்; நூறு நாள் வேலைக் கூலி வங்கியில் ஏறிய அடுத்த நாட்கள் ஆகியவைதான் வசூலுக்கு ஏற்ற காலம். பள்ளி திறக்கும் ஜூனிலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் வற்புறுத்திப் பலனில்லை.

நிலுவையைப் பிரித்துப் பாருங்கள்

மொத்த வசூல் விகிதம் கண்ணை மறைக்கும். ஓர் உதாரணம்: ஆண்டுத் தொடக்க நிலுவை 1,80,000, நடப்புக் கேட்பு 2,40,000, மொத்தம் 4,20,000. வசூல் நிலுவையில் 60,000, நடப்பில் 1,50,000, ஆக 2,10,000. பாதி வசூலாகிவிட்டது என்று தெரிகிறது. ஆனால் ஆண்டு முடிவில் மிச்சம் 2,10,000. தொடங்கியதைவிட 30,000 கூடியிருக்கிறது. நடப்பில் 90,000 தவறியதுதான் காரணம். நிலுவை குறைய வேண்டுமானால் இந்த ஆண்டுக் கேட்பு அடுத்த ஆண்டு நிலுவையாக மாறாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. ஆறு மாதத்துக்குள் உள்ள 300 ரூபாயை ஒரு முறை நினைவூட்டினாலே கட்டிவிடுவார்கள். அது 3,000 ஆனால் யாருக்கும் மனம் வராது.

ஆகவே பட்டியலை வயதுப்படி பிரியுங்கள்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், மூன்றாண்டுக்குள், அதற்கும் மேல். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுதுங்கள். முடியாதவர், தகராறு உள்ளவர், முடிந்தும் கட்டாதவர், ஆளே இல்லாதவர் என்று நான்கு வகைதான் வரும். நால்வருக்கும் ஒரே நோட்டீஸ் அனுப்புவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கும் தவறு.

முடியாதவருக்குத் தவணை கொடுங்கள். நிலுவை 2,400, மாதக் கட்டணம் 50 என்றால் பன்னிரண்டு தவணை: 200-உம் 50-உம் சேர்ந்து மாதம் 250. ஆறு தவணையில் முடிக்கலாம் என்று 450 கேட்டால் இரண்டாவது மாதமே நின்றுவிடும். நடப்புக் கட்டணம் தவணைக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் பழையதைக் கட்டி முடிக்கும்போது புதியது வளர்ந்திருக்கும். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுப் பதிவேட்டில் குறியுங்கள்.

தகராறு உள்ளவரில் பெரும்பாலோர் சொல்வது ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீரே ஏறுவதில்லை’ என்பது. நீர் விடும் நேரத்தில் கடைக்கோடி வீட்டில் ஒரு குடத்தை வைத்து நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முன்வீடுகளில் யாராவது குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்களா என்று தேடுங்கள். அதைச் சரிசெய்துவிட்டு வசூலுக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். தண்ணீர் போகாத மாதங்களுக்குத் தள்ளுபடி தரலாம் என்று மன்றம் நினைத்தால் அது தீர்மானமாகப் பதிவாகட்டும், வாய்வார்த்தையாக வேண்டாம்.

ஆளே இல்லாதவை, இடிந்த வீடுகள், இரட்டைப் பதிவுகள் தனிப் பட்டியல். தெரு, காரணம், பார்வையிட்ட தேதி, படம் சேர்த்து மன்றத்தில் வைத்து, வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக உரிய அனுமதி பெற்றே தள்ளுபடி செய்ய வேண்டும். நீங்களாகச் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள்.

தாமதக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. மாதம் 50 ரூபாய்க்கு ஒரு சதவீத வட்டி போட்டால் ஐம்பது காசு. கணக்குப் பார்க்கும் உழைப்புக்குக்கூட ஈடாகாது. வேண்டுமென்றால் அரையாண்டுக்கு ஒரு சிறு நிலைத்தொகை, முன்னறிவித்த தேதியிலிருந்து, எல்லோருக்கும். தெரிந்தவருக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

அரசுக் கட்டடங்களுக்கு நோட்டீஸ் வேலை செய்யாது. பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி ஆகியவற்றுக்கு எக்காரணத்தாலும் நீரை நிறுத்தக்கூடாது. இணைப்பு எண்ணோடு முறையான கடிதம், படி ஒன்று மேலலுவலகத்துக்கு. ஒதுக்கீட்டில் மிச்சம் பார்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் நேரில் ஒரு நினைவூட்டல்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் வரவுசெலவை வாசியுங்கள்: மோட்டாருக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு, தெருவாரியாக வசூல் இவ்வளவு. கட்டாதவர் பெயர்களை வாசிக்காதீர்கள். அவமானப்பட்டவர் கட்ட மாட்டார், பகையாவார்.

இணைப்பைத் துண்டிக்க நேர்ந்தால்

முடிந்தும் கட்டாதவருக்கு மட்டும் இது. முதல் நோட்டீஸுக்குப் பதினைந்து நாள், இரண்டாவதற்கு ஏழு நாள் கெடு கொடுப்பது நியாயமான அளவு. கையெழுத்து வாங்குங்கள், வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கதவில் ஒட்டிப் படம் எடுங்கள். தொகையில் ஆட்சேபம் இருந்தால் அது தீரும் வரை நடவடிக்கை கூடாது.

யாரிடம் தொடங்குவது என்பதில்தான் ஊராட்சியின் பெயர் இருக்கிறது. முதல் நோட்டீஸ் பெரிய தொகை வைத்திருக்கும் கடைக்கும் மண்டபத்துக்கும் மாடி வீட்டுக்கும் போகட்டும். அதற்கும் முன்னால் மன்ற உறுப்பினர்கள் தங்கள் நிலுவையைக் கட்டிவிட வேண்டும். கேட்க ஆளில்லை என்று காலனித் தெருவில் முதலில் குழாயை அடைப்பது பெருங்கொடுமை. அதை எந்தச் சட்டக் காரணமும் நியாயப்படுத்தாது. துண்டிக்கும் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓடும் தெருக்குழாய் உண்டா என்று உறுதிசெய்யுங்கள். கைக்குழந்தை, நோயாளி, துக்கம், திருமணம் உள்ள வீடென்றால் தள்ளிப்போடுங்கள். ரேஷன், நூறு நாள் வேலை, சான்றிதழ்க் கையெழுத்து என்று சம்பந்தமில்லாத எதையும் பிடித்து வைக்காதீர்கள். பெயர் மாற்றம், இரண்டாவது இணைப்பு, நிலுவையின்மைச் சான்று கேட்டு வரும்போது பாக்கியைத் தீர்க்கச் சொல்வது முறை.

வீட்டுக்குள் இருக்கும் கேட் வால்வை மூடிவிட்டு வருவது துண்டிப்பு ஆகாது; இரவே திறந்துவிடுவார்கள். பிரதான குழாயிலிருந்து வீட்டுக்கு நீர் பிரியும் இணைப்புத் துண்டான ஃபெரூலை மூடி, அதிலிருந்து வரும் அரை அங்குலக் குழாயைக் கழற்றி எண்டு பிளக் (முனை அடைப்பான்) போட வேண்டும். தோண்டிய குழியை அன்றே மூடுங்கள். திறந்த குழியில் தேங்கும் சாக்கடை கசிவு வழியே குழாய்க்குள் போகும். துண்டித்த தேதியைப் பதிவேட்டில் எழுதி, அந்த மாதத்தோடு கேட்பை நிறுத்துங்கள். பணம் கட்டிய மறுநாளுக்குள் திரும்ப இணைத்துக் கொடுங்கள். பிளம்பர் கூலியும் பொருள் விலையும் மட்டும் வாங்கினால் போதும்.

வாடகை வீடென்றால் நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்கு, படி குடியிருப்பவருக்கு. முந்தைய வாடகைக்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கிக்குப் புதிதாக வந்தவரின் தண்ணீரை நிறுத்தாமல் உரிமையாளரைப் பிடியுங்கள்.

செயலர் மாறும்போது

ஊராட்சிச் செயலர் மாற்றலாகும் நாளில்தான் பல நிலுவைகள் அநாதையாகின்றன. பொறுப்பு ஏற்பவர் கையெழுத்துப் போடும் முன் பயன்படுத்திய, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களை எண்வரிசைப்படி எண்ண வேண்டும். கடைசி ரசீது எண், அன்றைய வங்கி இருப்பு, தெருவாரி நிலுவை மொத்தம், நடப்பில் உள்ள தவணைத் தாள்கள், துண்டித்த இணைப்புகளின் பட்டியல் ஐந்தையும் ஒரே தாளில் எழுதி இருவரும் தலைவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு ஏதாவது இருபது வீடுகளைத் தேர்ந்து, நேரில் போய் அவர்களிடமுள்ள கடைசி ரசீதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வீட்டில் வித்தியாசம் வந்தால் முழுப் பதிவேட்டையும் தெருவாரியாகச் சரிபார்த்த பிறகே அடுத்த கேட்பு அறிவிப்பை அச்சடிக்கக் கொடுங்கள்.